அத்தியாயம் 14: போணி நேரத்தில் ஓர் இட்லிக் கொப்பரை

பம்பாயில், செம்பூர் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் வெளியே வரிசை நின்றது.

ஜெபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளிருந்தபடியே குனிந்து, ஷட்டருக்கு அடியில் பார்த்தாள். கால்கள் தெரிந்தன. செருப்புக் கால்கள், ஷூ போட்ட கால்கள், சேலை விளிம்பு உரசும் கால்கள். கடைசிக் கால் எங்கே என்று தெரியவில்லை.

"முகேஷ், எவ்வளவு பேருன்னு பாரேன்."

"பாத்துட்டேன். எண்ணாத. கண்ணு பட்டிரும்," என்றான் அவள் கணவன். சொல்லும்போதே பல் தெரிந்தது.

போன வாரம் வரை இந்தப் பாத்திரக் கடைக்கு வழி கேட்க வந்தவர்கள்தான் அதிகம். உள்ளே வந்து டிபன் டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போஸ்ட் ஆபீஸ் கிதர் ஹை?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தாராவி கிராஸ் ரோட்டில் பாத்திரம் விற்றே நிமிர்ந்த காசிராஜன், மகன் முகேஷுக்காக ஆசையாக எடுத்த இரண்டாவது கடை இது. அந்த ஆசை நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்து மொபைல் கடைக்காரர் வேறு, இடத்தைத் தனக்கு விடும்படி நச்சரித்துக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது காசிராஜன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பாப்பேன். ஆள் வரலைன்னா சாவியை மொபைல்காரன் கையில குடுத்துருவேன். அந்தப் பிள்ளை ஆபீஸ்ல வேலை பாத்த பிள்ளைதானே. தெரிஞ்ச வித்தையைக் காட்டச் சொல்லு."

அதை அவர் சொன்னது மனைவி ஆவுடையம்மாளிடம். 'அந்தப் பிள்ளை' அவருக்கு எதிரே நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது.

கல்யாணத்திலிருந்து இப்படித்தான். மகன் சீத்தா கேம்ப்பில் இருந்து ஒரு வேதக்கார, கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். காசிராஜன் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை, அவள் சமைத்ததைச் சாப்பிடாமலும் இருக்கவில்லை. அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்வார். மனைவி இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார்.

அதனால்தான் ஜெபாவுக்கு இந்தக் கடை உயிர். இங்கே வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கடை போனால் நாள் முழுவதும் அந்த வீட்டுக்குள், அவரது பேசாத முகத்துக்கு முன்னால் நடமாட வேண்டும். 

ஆகவே வித்தையைக் காட்டினாள்.

அவள் ஃபோனில் ஒரு ஏ.ஐ. ஆப் இருந்தது. அலுவலகத்தில் கடிதம் எழுத உதவிக்கொண்டிருந்த ஆப். அதனிடம் கடையின் கதையை எல்லாம் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், நடுவில் ஹிந்தி. அது எதற்கும் முகம் சுளிக்கவில்லை. தமிழ், ஹிந்தி, மராட்டி மூன்றிலும் விளம்பரம் எழுதித் தந்தது. படமும் போட்டுத் தந்தது. முதல் படத்தில் இட்லிக் கொப்பரைக்கு அடியில் ஒரு குழாய் இருந்தது. "குழாய் வேண்டாம்," என்றாள். அடுத்த படத்தில் குழாய் போய்விட்டது, இட்லி சதுரமாகிவிட்டது. பொறுமையாகத் திருத்தினாள்.

மாமனாரின் படமும் இருந்தால் நம்பிக்கை வரும் என்று, பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைக் கொடுத்தாள். ஆப் அவரைச் சிரிக்க வைத்துவிட்டது. ஆவுடையம்மாள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இவிய சிரிச்சா இப்படியா இருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக, கூட்டம் வருவதற்கு ஒரு யோசனை கேட்டாள் ஜெபா. ஆப் வரிசையாகச் சொன்னதில் ஒன்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. அதையே போட்டாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் செம்பூர் காலனிகளின் வாட்ஸ்ஆப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றிக்கொண்டிருந்தது.

இதோ, ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசை நிற்கிறது.

*

காசிராஜன் சயானில் பஸ் ஏறி, மனைவியுடன் வந்து இறங்கினார். தாராவிக் கடையை வேலையாள் கண்ணாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆவுடையம்மாள் கூட வந்ததற்குக் காரணம் இருந்தது. இவரைத் தனியாக விட்டால் சாவியை யார் கையில் கொடுத்துவிட்டு வருவாரோ.

தெரு முனை திரும்பியதும் அவர் நின்றுவிட்டார்.

"ஏளா, யாருக்கும் எதுவும் ஆயிருச்சா? கூட்டம் நிக்கி."

"நம்ம கடைக்குத்தான் நிக்காவ. நடங்க."

அவர் நடந்தார். நடையில் ஒரு துள்ளல் வந்ததை ஆவுடையம்மாள் கவனித்தாள், கவனிக்காதது போல வந்தாள். வரிசையைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தவரை ஒரு பையன் தடுத்தான்.

"அங்கிள், லைன் பீச்சே சே ஹை."

"கடையே என்னுது," என்றார் தமிழில்.

பின்னால் நின்ற ஒரு பெண் தன் ஃபோனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "படத்துல இருக்கிறவர் மாதிரிதான் இருக்கு. ஆனா அவர் நல்லா சிரிச்ச முகமா இருப்பாரே," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

காசிராஜன் முகத்தைச் சற்றே தளர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஷட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தமிழ் விளம்பரத்தின் முன் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

'இந்த வாரம் முழுவதும், தினமும் கடை திறந்ததும் வரும் முதல் வாடிக்கையாளருக்கு ஓர் இட்லிக் கொப்பரை முற்றிலும் இலவசம்.'

இன்னொரு தடவை படித்தார். முகத்தில் இருந்த தளர்வு மெல்ல மறைந்தது.

"முகேஷு."

"வாங்கப்பா. பாத்தீங்களா கூட்டத்தை..."

"உள்ள வா."

பாதி ஏறிய ஷட்டருக்குள் மூவரும் குனிந்து போனார்கள். ஜெபா உள்ளே நின்றாள். உள்ளே பாத்திரங்களின் பளபளப்பில் நால்வர் முகமும் நூறு முகமாகத் தெரிந்தது. காசிராஜன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இதை யாரு எழுதுனான்னு அந்தப் பிள்ளைகிட்ட கேளு."

ஜெபா கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். இருந்தாலும் முறை முறைதான்.

"ஜெபா, இதை யாரு எழுதுனான்னு மாமா கேக்காவ."

"மிஷின் எழுதுச்சு அத்தை."

"மிஷின் எழுதுச்சாம்."

"மிஷினு எங்கயாவது கடை வச்சிருக்கான்னு கேளு."

ஆவுடையம்மாள் இதை ஜெபாவிடம் கொண்டு போகவில்லை. "என்ன விஷயம்னு உடைச்சுச் சொல்லுங்க," என்றாள்.

"போணிளா, போணி. முதல் ஆளுக்கு ஓசியாக் குடுத்தா அன்னைக்கு முழுக்க அந்தக் கடை ஓசியாத்தான் போகும். முதல் ஆளு காசு குடுக்கணும். கடன் கிடையாது, பேரம் கிடையாது, வந்த ஆளைத் திருப்பி அனுப்புறதும் கிடையாது. அந்தக் காசைக் கண்ணுல ஒத்திப் பெட்டியில போட்டுட்டுத்தானே நான் தண்ணியே குடிப்பேன். நீ பாத்ததில்லையா? பெட்டியில ஒத்த நோட்டு விழுகிறதுக்கு முன்னாடி சரக்கு வெளிய போனா அது கடையால? அன்னதானம்."

முகேஷ் தலையைத் தடவினான். "நான் கலர் நல்லா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்ப்பா. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும்."

"ஹிந்தியிலயும் போட்டிருக்கேல்ல?"

முகேஷ் ஹிந்தியில் படித்திருந்தான். கூட்டம் வரும் என்ற சந்தோஷத்தில் போணி அவன் நினைவுக்கே வரவில்லை.

ஜெபாவின் முகம் வெளுத்துவிட்டது. போணி என்றால் அவளுக்கும் தெரியும். பம்பாயில் பிறந்த யாருக்குத் தெரியாது. காலையில் முதல் சவாரிக் காசை நெற்றியில் தொட்டுக்கொள்ளும் ஆட்டோக்காரர்களை அவள் தினமும் பார்த்தவள். ஆனால் அவள் வீட்டில் யாரும் கடை வைத்ததில்லை. அப்பா டிராம்பேயில் ஒப்பந்த வெல்டர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், அதற்குப் போணி கிடையாது.

"மிஷினைச் சொல்லிக் குத்தமில்ல அத்தை. அதுக்கு என்ன தெரியும். படிச்சுப் பாத்துப் போட்டது நான்தான்."

காசிராஜன் அதைக் கேட்டார். சுவரைப் பார்த்தார்.

வெளியே ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

*

வரிசையில் முதலாவதாக நின்றது விஜயராணி. பக்கத்துக் காலனிக்காரி, வங்கி வேலை. காலை நடைக்குக் கிளம்பியவள் நடக்காமல் நேரே இங்கே வந்து நின்றுவிட்டாள். கையில் நீட்டிப் பிடித்த ஃபோனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஓபன் பண்ணுங்க. எங்க காலனி குரூப்ல எல்லாரும் வெயிட்டிங். நான்தான் ஃபர்ஸ்ட்."

முகேஷ் ஷட்டரை முழுதாக ஏற்றினான். வேறு வழியில்லை. பிறகு அப்பாவின் காதருகில் போய், "ரெண்டாவதா நிக்கிறாரே மராட்டிப் பெரியவர், அந்தக் காக்காவுக்கு ஏதாவது விலைக்கு வித்துருவோம். போணி ஆயிரும். அப்புறம் இவங்களுக்கு ஓசி," என்றான்.

விஜயராணிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அது எப்படி? முதல்ல வந்தது நானு. விளம்பரத்துல முதல் வாடிக்கையாளர்னுதானே போட்டிருக்கு? எனக்கு முன்னாடி ஒருத்தருக்கு வித்துட்டா நான் ரெண்டாவது ஆயிடுவேனே."

"அவங்க சொல்லுறது சரிதான்," என்றார் காசிராஜன் மகனிடம். "முதல் ஆளைத் தள்ளி நிறுத்திட்டு ரெண்டாவது ஆள்ட்டப் போணியா? அதைவிட ஓசியே மேல்."

ஆவுடையம்மாள் தாழ்ந்த குரலில், "பேருக்கு ஒரு ரூபா வாங்கிக்கிடுங்களேன்," என்றாள்.

"முற்றிலும் இலவசம்னு எழுதி ஒட்டிட்டு ஒரு ரூபா கேக்கவா? என் படத்தைப் போட்டு, பல்லைக் காட்டி, ஊரெல்லாம் அனுப்பியிருக்கு. நான் எழுதலைன்னு இவங்க ஒவ்வொருத்தர்ட்டயும் போய்ச் சொல்லவா? காசிராஜன் கடையில போட்டது காசிராஜன் சொன்னதுதான்."

அவருக்கு வியர்த்தது. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒரு பக்கம், கடை வைத்த நாளிலிருந்து ஒரு காலையும் தவறாத போணி. இன்னொரு பக்கம், தன் பெயரில் வெளியே போய்விட்ட வார்த்தை. இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டையும் அவர் விட்டதே இல்லை.

வரிசையில் இரண்டாவதாக நின்ற காக்கா நடப்பதைப் புரிந்துகொண்டுவிட்டார். "போனி கா லஃப்டா ஹை," என்று போணித் தகராறைப் பின்னால் நின்றவர்களுக்கு விளக்கினார். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் கலைந்து போகவில்லை. இதன் முடிவு என்ன என்று பார்க்காமல் யார் போவார்கள்.

அப்போதுதான் ஜெபா கல்லாவுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாள். வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கம். கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"மாமா."

அவர் நிமிரவில்லை.

"எனக்கு ஒரு பால் சட்டி வேணும். விலை என்னவோ அதைத் தாரேன். வாங்கிக்கோங்க. போணி ஆயிரும். அப்புறம் இவங்களுக்குச் சொன்னபடி குடுத்திரலாம்."

"அப்பவும் நான் ரெண்டாவதுதானே," என்று ஆரம்பித்த விஜயராணி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இவங்களுக்கு முன்னாடியே, ஷட்டர் தூக்கும்போதே நான் இங்க இருந்தேன் மாமா. அதனால யாரையும் தள்ளின மாதிரி ஆகாது. இது என் ஆபீஸ் சம்பளத்துல மிச்சம் இருந்த காசு. கடைக் காசு இல்ல."  அவள் நிறுத்தவில்லை. "நீங்க இன்னும் என்னை வீட்டுல சேத்துக்கிடலை. அது உங்க இஷ்டம், நான் ஒண்ணும் கேக்கலை. அப்ப நான் வெளி ஆள்தானே. வெளி ஆள் காசு செல்லும்ல?"

 முகேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆவுடையம்மாள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜெபா நீட்டிய நோட்டு காசிராஜனின் கைக்கு அருகே இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். நல்ல நோட்டு. மடிப்பில்லாத நோட்டு. எடுத்துக் கண்ணில் ஒத்திப் பெட்டியில் போட்டால் எல்லாம் தீர்ந்தது. போணியும் தப்பும், வார்த்தையும் தப்பும். எதிரே நிற்கிற பெண்ணே வழியைச் சொல்லித் தருகிறாள். எந்த வியாபாரியும் கை நீட்டிவிடுவான்.

அவர் கை பாதி தூரம் போனது. போய், அவள் விரல்களை நோட்டோடு சேர்த்து மடக்கித் திருப்பித் தள்ளியது.

"ஏட்டி," என்றார். "காசை உள்ள வை. வீட்டு ஆள் காசு போணி ஆகாது."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தது போல நின்றார். பிறகு சட்டென்று திரும்பி, அலமாரியில் இருந்த கொப்பரைகளில் கனமானதை எடுத்து, உள் தட்டுகளைச் சரி பார்த்து, மூடியைத் துண்டால் துடைத்து விஜயராணியின் கையில் வைத்தார்.

"கொண்டு போங்கம்மா. முற்றிலும் இலவசம். சொன்னா சொன்னதுதான்."

விஜயராணி அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் தயங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஃபோனில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

*

காக்கா ஒரு டீ வடிகட்டி வாங்கினார். உள்ளதிலேயே சிறிய வியாபாரம். பேரம் பேசாமல் காசை நீட்டி, "லோ, அண்ணா," என்றார் பரிவாக. காசிராஜன் அதைக் கண்ணில் ஒத்திக்கொண்டு பெட்டியில் போட்டார். முறைப்படி இது போணி இல்லை. இருந்தாலும் கைக்கு அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று கடை ஓசியாகப் போகவில்லை. வந்தவர்கள் வாங்கினார்கள். வாங்காதவர்கள், படத்தில் சிரித்தவரை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காசிராஜன் தாராவிக்குத் திரும்பவே இல்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாள் முழுவதும் மருமகளைத் திட்டினார்.

"ஏட்டி, அந்தக் குக்கரை ஏன் மேல வச்சிருக்க? ஆள் வந்தா ஏணி போட்டா எடுப்ப?"

"ஏட்டி, துணி விரிச்சு அதுமேல சட்டியை வை. கீறல் விழுந்தா எவன் வாங்குவான்?"

"சில்லறையை வலது கையில குடு. எத்தனை தடவை சொல்ல?"

அவர் அதை ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சுவரிடம் சொல்லியிருப்பார். ஜெபா ஒவ்வொன்றுக்கும் "சரி மாமா" என்றாள். அவள் கை ஓடவில்லை. கரண்டி கேட்டவருக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரு தடவை பின்னால் சரக்கு அறைக்குப் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இத்தனை மாசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல திட்டுதாவ," என்றாள் ஆவுடையம்மாள், அவள் காதுக்குள். "வாங்கிக்கோ. இவியளுக்கு இதுதான் பேச்சு."

மொபைல் கடைக்காரர் சாயந்தரமாக எட்டிப் பார்த்தார். சாவி விஷயம் கேட்க வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் வடிந்ததும் காசிராஜன் காலை நீட்டி உட்கார்ந்தார். டீ வந்தது.

"ஏட்டி, அந்த மிஷினை எடு. இந்த முதல் ஆள் சமாச்சாரத்தை மாத்தணும். ரெண்டாவதா வர்ற ஆளுக்கு ஓசின்னு போடச் சொல்லு. முதல் ஆள் காசு குடுக்கட்டும்."

ஜெபா ஃபோனை எடுத்தாள். முகேஷ் சிரித்தான்.

"அப்பா, ரெண்டாவது ஆளுக்குத்தான் ஓசின்னா முதல் ஆளா எவன் வருவான்? எல்லாரும் எதிர்ச் சாரியில நின்னு, யாரு முதல்ல போறான்னு பாத்துக்கிட்டே இருப்பானுவ. கடை மத்தியானம் வரைக்கும் காலியா இருக்கும்."

காசிராஜன் அதை யோசித்தார். எதிர்ச் சாரியில் நிற்கும் கூட்டத்தை மனசில் பார்த்திருக்க வேண்டும். மீசை துடித்தது. படத்தில் இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் அதன் பக்கத்தில் வந்துவிட்ட ஒரு சிரிப்பு. ஆவுடையம்மாள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சரி, அது வேண்டாம். வாரம் முழுக்கன்னு போட்டாச்சு. போட்டது போட்டதுதான். இந்த வாரம் போணி இல்லாமத்தான் கடை நடக்கும். நடக்கட்டும். அடுத்த வாரத்துக்கு எழுதும்போது என்ட்ட ஒரு தடவை வாசிச்சுக் காட்டு."

"சரி மாமா."

"என் பல்லையும் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு."

"அது அப்படியே இருக்கட்டும்," என்றாள் ஆவுடையம்மாள்.

அப்போது காசிராஜனின் ஃபோன் அடித்தது. திரையில் பூமாரி.

பூமாரி அவருடைய மூத்த மகள், பாண்டூப்பில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தம்பி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பாவுக்காக அப்பாவைவிட அதிகம் கோபப்பட்டவள். அந்தப் பெண் இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், சொன்னபடியே மிதிக்கவில்லை. அப்பாவும் அவளும் ஃபோனில் பேசிக்கொள்வதோடு சரி.

விஜயராணியின் வீடியோ காலனி குரூப்பில் தொடங்கி, ஊர்ச் சங்கத்துக் குரூப் வழியாக, சாயந்தரத்துக்குள் பாண்டூப் போய்ச் சேர்ந்திருந்தது.

காசிராஜன் ஃபோனைக் காதில் வைத்தார். குரல் வெளியேயும் கேட்டது.

"அப்பா, வீடியோ பாத்தேன்."

"சொல்லும்மா."

"ஏட்டின்னு கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டேன்."

"என்னைய மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவீங்க."

காசிராஜன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீட்டு ஆளுன்னும் சொன்னீங்க. இத்தனை பேரு முன்னாடி."

"சொன்னேன். சொன்னதை இல்லைன்னு சொல்லச் சொல்லுதியா?"

"நான் அதைச் சொல்லலை. உங்க வாய், உங்க பேச்சு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "நாளைக்குக் காலைல நான் செம்பூர் வாரேன். வரிசையில முதல் ஆளா நான்தான் நிப்பேன். உங்க ஓசிக் கொப்பரை எனக்கு வேண்டாம். விலை குடுத்து வாங்குதேன். என் வீட்டுக்காரர் சம்பாதிச்ச காசு."

"பூமாரி..."

"அந்தக் காசை வாங்கி நீங்க கண்ணுல ஒத்துதீங்களா, இல்ல திருப்பித் தாரீங்களான்னு பாக்கணும். நான் வீட்டு ஆளா, வெளி ஆளான்னு எனக்கும் தெரிய வேண்டாமா?"

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

முகேஷ் அம்மாவைப் பார்த்தான். ஆவுடையம்மாள் எதையும் பார்க்கவில்லை. காசு வாங்கினால் நாளைய போணி தப்பும், மகள் வெளி ஆள் ஆவாள். வாங்காவிட்டால், கட்டிக்கொடுத்த பெண்ணின் காசை மறுத்த கடை என்று மருமகன் வீட்டில் பேச்சு வரும். ஃபோன் வைக்கும்போதே ஆவுடையம்மாள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தாள்.

காசிராஜன் கல்லாப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஏட்டி," என்றார் கடைசியில், மருமகளிடம். "கட்டிக்குடுத்த பொண்ணு காசு போணி ஆகுமா ஆகாதான்னு அந்த மிஷின்ட்ட கேளு."

ஜெபா ஃபோனை எடுத்தாள். எழுத ஒரு விரலை நீட்டினாள். மாமாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு ஃபோனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "பூமாரி அக்காவுக்கு நான் ஃபோன் பண்ணவா மாமா?" என்றாள்.